அளந்த பின்

வளர்ப்பு மீனின் வளர்ச்சியை அறிய, வலையிட்டுப் பிடித்துத் தராசில் நிறுப்பதே பழைய முறை. கைபட்டால் மீனின் மேனியைக் காக்கும் வழுவழுப்பான படலம் கெடும், செதில் உதிரும், நோயும் தொற்றும். நோர்வே நாட்டுச் சல்மன் பண்ணைகளில் இன்று தொடாமலே அளக்கும் முறை வந்துள்ளது. நம் இரு கண்களைப்போல அருகருகே அமைந்த இரண்டு கமராக்கள், நீந்தும் மீனை நீருக்குள்ளேயே படம்பிடிக்கின்றன. இரு படங்களின் வேறுபாட்டிலிருந்து கணினி தூரத்தையும் நீளத்தையும் கணித்து, அவற்றைக்கொண்டு நிறையை மதிப்பிடுகிறது. நீளம் இருமடங்கானால் நிறை ஏறத்தாழ எண்மடங்காகும்.

கண்டியில் எமது வகுப்பில் இதனை விளக்கினோம். மலைத்தோட்ட லயத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுந்து, “அளந்து என்ன செய்வார்கள், சேர்?” என்றான். “அதற்கேற்பத் தீனி கொடுப்பார்கள்” என்றோம். வகுப்பு அமைதியாயிற்று. அப்பிள்ளைகளின் உயரத்தையும் நிறையையும் முதல் வாரத்திலேதான் பதிந்திருந்தோம்.

2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் 32 பேர். திரிபோஷா மாவும் பாடசாலை உணவும் இல்லாமலில்லை. ஆயினும், கொழுந்து பறிக்கும் தாயின் கூலி அடுப்புக்குப் போதாதவரை அவை எம்மட்டு?

மீனுக்கு இத்தனை நுட்பம் வாய்த்ததில் எமக்கு மகிழ்ச்சியே. அளவுக்கேற்ப உணவு என்னும் அந்த எளிய நியதி பண்ணையோடு நின்றுவிடலாகாது. அது லயத்துக்கும் வரவேண்டும். அதனைக் கேட்டுப் பெறும் கடமை, எண்களைப் பதியும் ஆசிரியருக்கும் உண்டு.