தக்காளிக்கு எவ்வளவு தண்ணி வேணும்?

"சேலத்துக்காரனுக்கு தண்ணிக் கஷ்டமா? அதான் மேட்டூர் அணை இருக்கே"ன்னு நண்பர்கள் அடிக்கடி கேப்பாங்க. அணை 1934லேர்ந்து இருக்கு, வாஸ்தவம்தான். ஆனா அதுல பெரும்பங்கு தண்ணி டெல்டாவுக்குப் போறது. கால்வாய் ஓரம் இருக்குறவங்க குடுத்து வச்சவங்க. வாழப்பாடி, ராசிபுரம், நாமக்கல் மேட்டுக்காட்டுக்கெல்லாம் போர்தான் கதி.

வாழப்பாடி பக்கம் எங்க சித்தப்பாவுக்கு ஒரு ஏக்கர் தக்காளி. போர் மணிக்கு சுமார் 5,500 லிட்டர் குடுக்குது. "பத்தலியே கண்ணு, இன்னொரு போர் போட்டர்லாமா?"ன்னு கேட்டார். கடன் வாங்கித்தான் போடணும். துளை போட்டா புகைதான் வரும்ங்கற கதை எங்க பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. பொட்டி தட்டுறவனுக்கு தெரிஞ்சது கணக்குதானே, போட்டுப் பாத்தேன்.

ஒரு ஏக்கர்னா 4,047 சதுர மீட்டர். வாய்க்கால்ல தண்ணி கட்டறப்போ ஒரு தடவைக்கு 50 மில்லிமீட்டர்னு வச்சுக்கிட்டா, 2 லட்சம் லிட்டர்! இந்த போர்ல அது 36 மணி நேர ஓட்டம். ஆனா காய்க்கிற பருவத்துல, நல்ல வெயில்லயும், செடிக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் போதும். அதாவது 20,000 லிட்டர். அஞ்சு நாளைக்கு ஒருக்கா கட்டினா, பாதி தண்ணி செடிக்குப் போகாம மண்ணுக்குள்ளயும் வெயிலுக்கும் போயிடுது. கரண்ட் 1990லேர்ந்து இலவசம். அதனால வீணாப் போறது எந்த பில்லுலயும் தெரியாது.

சொட்டுநீர்ல, குழாய்க்கு குழாய் 4 அடி, 2 அடிக்கு ஒரு சொட்டுவான்னா, ஏக்கருக்கு சுமார் 5,450 சொட்டுவான். ஒண்ணு மணிக்கு 4 லிட்டர். எல்லாத்தையும் ஒரே நேரத்துல தொறந்தா கிட்டத்தட்ட 22,000 லிட்டர் வேணும், நம்ம போர் தாங்காது. அதனால நிலத்தை நாலாப் பிரிச்சு, நாலு வால்வு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மணி நேரம். நாலு மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. புது போர் வேண்டியதில்லை.

இதுல இன்னொரு லாபம். காஞ்ச மண்ணுல திடீர்னு தண்ணி பாஞ்சா பழம் வெடிக்கும். ஈரம் ஏறி எறங்கினா சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போகாம அடிப்பக்கம் கருத்துப் போகும். தினமும் அளவா குடுத்தா ரெண்டும் கொறையும். மேல மல்ச்சிங் ஷீட்டோ, கரும்புச் சோகையோ போட்டா ஈரம் இன்னும் நிக்கும்.

தொல்லையும் உண்டுங்க. உப்புத் தண்ணியில சொட்டுவான் அடைச்சுக்கும். ஃபில்டரை கழுவிக்கிட்டே இருக்கணும். அணிலும் எலியும் குழாயைக் கடிக்கும் :-)

பக்கத்து தருமபுரி, கிருஷ்ணகிரியில 2004லயே வேளாண் பல்கலைக்கழகம் துல்லியப் பண்ணையத் திட்டம்னு 400 ஹெக்டேர்ல இதைச் செஞ்சு காட்டிச்சு. அதுல எனக்குப் பிடிச்சது குழாய் இல்ல. விவசாயிங்க சங்கமா சேர்ந்து வித்தாங்க பாருங்க, அதுதான்.

ஏன்னா அடுத்த சண்டை அங்கதான் வந்துச்சு. தண்ணி மிச்சம்னு தெரிஞ்சதும் சித்தப்பா, "அப்போ பக்கத்து ஏக்கர்லயும் தக்காளி போட்டர்லாமே"ன்னார். மிச்சம் புடிச்ச தண்ணியை அடுத்த ஏக்கர்ல விட்டா, போர்லேர்ந்து எடுக்குறது அதே அளவுதானே? நிலத்தடி நீர்மட்டத்துக்கு என்ன லாபம்? ஊரே இப்படிப் போட்டா தலைவாசல் மார்க்கெட்ல பெட்டி என்ன விலைக்குப் போகும்? 2023 ஜூலையில கிலோ 100 ரூவா தாண்டினதைத்தான் எல்லாரும் ஞாபகம் வச்சிருக்காங்க. பறிக்கிற கூலி கூட கட்டாம ரோட்டுல கொட்டின வருசங்களை மறந்துடறாங்க.

ரெண்டு நாள் வாக்குவாதம். கடைசியில, "பொழைக்கத் தெரியாதவன்"னு என்னைத் திட்டிட்டு, பக்கத்து ஏக்கர்ல மானாவாரியா சோளம் வெதைக்க ஒத்துக்கிட்டார். மாட்டுக்குத் தீவனமாச்சு.

டிஸ்கி: சொட்டுநீருக்கு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மத்தவங்களுக்கு 75 சதவீதம் மானியம் உண்டு. சிட்டா, அடங்கல், தாசில்தார் குடுக்குற சிறு விவசாயி சான்றிதழோட தோட்டக்கலைத் துறை ஆபீசுக்குப் போங்க. புது போருக்கு வட்டிக்கு வாங்கறதுக்கு முன்னாடி போங்க.