சொட்டட்டும், விடுங்கம்மா!

குழாய் சொட்டும் சத்தம் கேட்டால் நடுராத்திரியிலும் எழுந்துபோய் இறுக்கி மூடிவிட்டு வந்து படுப்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. சென்னையைச் சேர்ந்த அந்த அம்மாவும் அப்படித்தான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு கிடந்தபோது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்றவர் அவர்.

பேத்தியைப் பார்க்க அமெரிக்காவின் டல்லாஸ் நகருக்குப் போனவருக்கு, கொரோனாவால் ஊர் திரும்புவது தள்ளிக்கொண்டே போனது. 2021 பிப்ரவரியில் வந்தது அந்தப் பனிப்புயல். 16-ம் தேதி டல்லாஸில் மைனஸ் 19 டிகிரி. டெக்சாஸ் மாநிலத்தில் 45 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் கரன்ட் போனது. இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின.

டெக்சாஸ் வெயில் ஊர். வீடுகளும் வெயிலுக்காகக் கட்டப்பட்டவை. தண்ணீர் பைப்புகள் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே, வெளிச்சுவருக்குள் எல்லாம் சர்வசாதாரணமாக ஓடும். குளிருக்குப் போர்வை போட்டதுபோல் அவற்றைச் சுற்றியிருக்க வேண்டிய உறை பல வீடுகளில் கிடையாது. ஹீட்டர் ஓடும்வரை பிரச்னை இல்லை. கரன்ட் போனால்?

அன்று இரவு மகன் எல்லாக் குழாய்களையும் மெல்லிசாகச் சொட்டவிட்டான். சிங்குக்குக் கீழே உள்ள கபோர்டு கதவுகளைத் திறந்து வைத்தான், வீட்டுக்குள் மிச்சமிருக்கும் சூடு பைப்பைத் தொடட்டும் என்று. கிச்சன் குழாயின் கீழ் அம்மாவே ஒரு பெரிய பாத்திரத்தை வைத்துவிட்டார். பாத்ரூம் குழாயைப் பற்றி மட்டும் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

காலையில் பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை.

"ராத்திரி பூரா ஒழுகிட்டு இருந்துச்சுடா. வாஷர் போயிடுச்சுன்னு நினைச்சு நான்தான் மூடினேன்."

"அது சொட்டணும்மா. அதுக்குத்தான் விட்டிருந்தேன்."

அந்தச் சொட்டில் என்ன இருக்கிறது? தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரிகிறது. பைப்புக்குள் ஐஸ் அடைத்துக்கொண்டு வளர வளர, அதற்கும் மூடிய குழாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீரில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பல நேரம் பைப் வெடிப்பது ஐஸ் இருக்கும் இடத்தில்கூட இல்லை, அதைத் தாண்டிய இடத்தில். குழாய் கொஞ்சம் திறந்திருந்தால் அந்த அழுத்தம் வெளியேற வழி கிடைக்கும். பாத்திரத்தை வைத்துப் பிடித்துக்கொண்டால் சொட்டும் வீணாகாது!

பைப் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால் உடனே தெரியாது என்பதுதான் பயம். ஐஸே அடைப்பாக நிற்கும். உருகிய பிறகுதான் வீட்டுக்குள் தண்ணீர் பாயும். அதனால் முதல் வேலையாக மெயின் வால்வைத் தேடினார்கள். வாசல் புல்தரையில், பனிக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குள் இருந்தது. கால் மணி நேரம் தோண்டினார்கள். வீடு வாங்கிய அன்றே பார்த்து வைத்திருக்க வேண்டிய விஷயம், யார்தான் பார்க்கிறோம்?

மருமகள் வால்வு பக்கத்தில் நின்றாள். ஹேர் டிரையர் போடக் கரன்ட் இல்லை. நெருப்பைக் காட்டவே கூடாது, வீடே பற்றிக்கொள்ளும். அம்மா கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து, பாத்திரத்தில் பிடித்த தண்ணீரைச் சுடவைத்தார். துண்டை நனைத்துப் பிழிந்து கொடுக்கக் கொடுக்க, மகன் பாத்ரூம் குழாயைத் திறந்துவைத்துவிட்டு பைப்பைச் சுற்றினான். குழாய்ப் பக்கம் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே. நடுவில் ஆரம்பித்தால் உருகிய தண்ணீருக்குப் போக வழியிருக்காது.

ஒரு மணி நேரம் கழித்துக் குழாய் இருமியது. காற்று, ஐஸ் துண்டு, பிறகு தண்ணீர். பேத்தி கைதட்டினாள். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று மகன் தடவித் தடவிப் பார்த்தான். இல்லை.

எதிர்வீட்டில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மேலே பைப் வெடித்து ஹால் சீலிங் இடிந்து விழுந்தது. பிளம்பர் கிடைக்க அவர்களுக்குப் பல நாள் ஆனது. மாநிலம் முழுக்க அதே கதைதான்.

அன்று இரவு அம்மா ஒவ்வொரு குழாயாகப் போய்ச் சொட்டுகிறதா என்று பார்த்தார். எல்லாவற்றின் கீழும் பாத்திரம். பாத்ரூமுக்குக் குக்கர்தான் மிச்சமிருந்தது.