குரல் இட்ட கோலம்

பாட்டைக் காதால் கேட்டிருப்பீர்கள். நான் கண்ணால் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில் கடைசி மேசை வரை வந்தவர்கள் நம்புவார்கள். அந்த மேசை எனக்குக் கிடைத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாடகர் குழுவுக்கு ஆள் எடுத்தபோது நானும் பெயர் கொடுத்தேன். உயரமானவள் என்பதால் மூன்றாவது வரிசையில் நின்றேன். இரண்டாம் நாள் ஒத்திகையில் ஆர்மோனியம் நின்றது. "நீ வாயை மட்டும் அசைம்மா, சத்தம் வேண்டாம்" என்றார் சிஸ்டர். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. முதல் வெள்ளித் திருப்பலியில் சொன்னபடியே வாயசைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னைக்கு ரொம்ப நல்லாப் பாடினீங்க" என்றார்கள். நான் தலையை ஆட்டி வைத்தேன்.

அந்த வாரம்தான் அறிவியல் டீச்சர் 'ஒலியும் ஓவியமும்' என்ற தலைப்புக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டார். கையைத் தூக்கினேன். அப்போது அவர் சொன்ன வரலாறு இது.

மார்கரெட் வாட்ஸ் ஹியூஸ் வேல்ஸ் நாட்டுப் பாடகி, 1842-இல் பிறந்தவர். தம் குரலின் வலிமையை அறிய 1885-இல் ஒரு கருவி செய்தார். கிண்ணம் போன்ற கூட்டின் வாயில் மெல்லிய ரப்பர் தோல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். கூட்டோடு இணைந்த குழாயில் பாட வேண்டும். தோலின்மேல் தூவிய மணல், பாடப் பாடத் தானே ஒதுங்கி உருவங்கள் இட்டது. பிறகு ஈரமான வண்ணக் குழம்பைப் பரப்பிப் பாடினார். பூவிதழ் போலவும் பெரணி இலை போலவும் வடிவங்கள் எழுந்தன. கண்ணாடியில் பதித்த அவருடைய குரலோவியங்கள் இன்றும் மெர்த்தர் டிட்வில் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லண்டனில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்தியவரும் இவரே. 'குரலின் வலிமை' என்ற சொல் எனக்குப் பிடித்துவிட்டது. இனிமையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை!

நாங்கள் செய்தது பால் மாவு டப்பாவில். அடிப்பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, மேலே சிவப்பு பலூனை வெட்டி இழுத்துக் கட்டினோம். பக்கவாட்டில் துளையிட்டுத் தோட்டக் குழாய்த் துண்டைச் செருகி, டப்பாவை மேசையோடு அழுத்தி வைத்துக்கொண்டோம். முதல் நாள் முகப் பவுடரைத் தூவிக் குழம்பிப் போனோம். அசையாத இடத்தில் பொடி தங்கும் என்று டீச்சர் சொல்லியிருக்க, பவுடரோ அதிகம் அதிரும் இடத்தில் போய்க் குவிந்தது. மிக நுண்ணிய பொடியை அதிர்வால் எழும் காற்றோட்டம் இழுத்துச் செல்லும் என்பதை ஃபாரடே 1831-இலேயே விளக்கிவிட்டாராம். சலித்தெடுத்த கோலப்பொடிதான் சொன்ன பேச்சைக் கேட்டது. வண்ணத்தைக் கரைத்தும் முயன்றோம். பாட்டு நின்றதும் அலையும் அடங்கி எல்லாம் சமமாகிவிட்டது. சீருடையில் தெறித்ததுதான் மிச்சம்.

தகட்டின்மேல் மணலைத் தூவி, விளிம்பை வயலின் வில்லால் இழுத்து இத்தகைய உருவங்களை வரவழைத்தவர் ஜெர்மானியரான கிளாட்னி. அதைப் பற்றி அவர் நூல் வெளியிட்டது 1787-இல். கணக்கால் அதை விளக்குவோருக்கு பிரெஞ்சுக் கழகம் பரிசு அறிவித்தது. மூன்றாவது முயற்சியில், 1816-இல், அதை வென்றவர் ஸோஃபி ஜெர்மேன் என்ற பெண்மணி. நம் திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமனும் மிருதங்கத் தோலில் மணல் தூவிப் பார்த்தவரே. நடுவில் உள்ள கருப்பு வட்டமே அதன் மேல்சுரங்களை ஒன்றோடொன்று இசைய வைக்கிறது என்று கண்டார். இதைப் படித்தபின் கோயில் திருவிழாவில் மிருதங்கத்தைப் பார்த்தால் கண் அந்த வட்டத்துக்கே போகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். குழுவில் நன்றாகப் பாடும் தோழி வந்து 'ஆ' என்று இழைத்துப் பாடினாள். வட்டம் தோன்றும், உடனே கலையும். குரல் அசைய அசையக் கோடும் அசைந்தது. நான் பாடினேன். ஒரே தட்டையான குரல். கோலப்பொடி ஓடிப் போய் வட்டமும் குறுக்குக் கோடுமாக நின்றது. ஒரு கணம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெருமை இரண்டு நிமிடம்தான் இருந்தது. "நான் பாடின சுரத்தையே நீயும் பாடு" என்று தோழி, இம்முறை இழைக்காமல், ஒரே 'ச'வைப் பிடித்தாள். அவளுக்கு வந்த உருவம் எனக்கு வரவில்லை. நான் அதே சுரத்தைத்தான் பாடுவதாக நினைத்தேன். பொடி வேறு சொன்னது. சிஸ்டர் சொன்னதில் தவறில்லை என்று அப்போது தெரிந்தது. காதுக்குப் பிடிபடாததைக் கண்ணால் பிடித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. தினமும் மதிய உணவு மணி அடித்தபின் தோழி பாடுவாள். அவள் உருவம் வரும்வரை நான் குரலைக் கொஞ்சம் ஏற்றுவேன், இறக்குவேன். பலூனை மறுபடி கட்டினால் உருவம் மாறிவிடும். எனவே அவளும் தினமும் புதிதாகப் பாட வேண்டும். எத்தனை பொறுமை அவளுக்கு! மூன்றாம் வாரத்தில் டப்பாவைப் பார்க்காமலே 'ச' பிடிபட்டது.

கண்காட்சியன்று எங்கள் அருகே ஓவிய டீச்சர் தூரிகையோடு அமர்ந்தார். தோழி பாடப் பாட, எல்லாரும் பார்க்க, நீலமும் மஞ்சளுமாகப் படம் வளர்ந்தது. டீச்சர் தம் மனத்தில் பட்டதை வரைந்தார். எங்கள் டப்பா காற்றில் பட்டதை வரைந்தது. கூட்டம் டீச்சர் பக்கம்தான் அதிகம். நான் பாடிய உருவத்தின்மேல் கோந்து தடவிய கறுப்புத் தாளை மெல்ல ஒற்றி எடுத்து, வந்தவர்களுக்குக் காட்டினேன்.

பாடகர் குழு சிஸ்டரும் வந்தார். "இது யார் குரல்?" என்றார். "என் குரல்தான், சிஸ்டர்." இன்னொரு முறை பாடச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பொடியை அவர் பார்க்கவே இல்லை. "வெள்ளிக்கிழமை பல்லவி மட்டும் சத்தமாப் பாடு. மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்றார்.

பின்னால் நின்ற அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போகும் வழியில், "அப்போ அன்னைக்குக் கோயில்ல நீ பாடவே இல்லையா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பேருந்து நிறுத்தம் வரும்வரை என் கையை விடவில்லை.

அந்தக் கறுப்புத் தாள் இப்போது எங்கள் வீட்டில் மாதா படத்தின் கீழே இருக்கிறது. கோந்து சரியாகப் பிடிக்காத இடத்தில் கோலப்பொடி கொஞ்சம் கொஞ்சமாக உதிர்கிறது.