44-வது வயதில் அன்னப்பிராசனம்

குழந்தைக்கு ஆறாவது மாதத்தில் அன்னப்பிராசனம் செய்வது நம் வீடுகளில் வழக்கம். எனக்கு அது இரண்டாம் தடவையாக 44-வது வயதில் நடந்தது. சிரிக்காதீர்கள், சகோதரிகளே! விஷயத்தைச் சொல்கிறேன்.

என் உயரம் ஐந்தடி ஓரங்குலம். எடை 112 கிலோ. கூடவே சர்க்கரை வியாதி. மாடிப்படியைக் கண்டால் அழும் முழங்கால்கள். "வாயைக் கட்டினால் போதாதா? வயிற்றை வெட்டிக் கொள்வானேன்?" என்று எதிர் வீட்டு மாமி கேட்டாள். இருபது வருஷமாக வாயைக் கட்டித்தான் பார்த்தேன். பத்துக் கிலோ போகும். பன்னிரண்டு கிலோ திரும்பி வரும். நாம் இளைக்க இளைக்கச் சரீரம் பசியைக் கூட்டிச் செலவைக் குறைத்து, போன எடையை மீட்டுக்கொள்ளவே பார்க்கிறது என்று டாக்டர் விளக்கினார். இதற்கு ரண சிகிச்சை செய்வது நேற்று வந்த மோஸ்தரும் அல்ல. அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் எட்வர்ட் மேசன், இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் ஆபரேஷனை 1966-லேயே செய்துவிட்டார்.

எனக்குச் செய்தது வேறு வகை. இரைப்பையில் முக்கால் பாகத்தையும் அதற்கு மேலும் நீக்கிவிட்டு, மீதியை வாழைப்பழம் போன்ற ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள். வெட்டிய ஓரம் நெடுகப் பொடிப் பொடியான டைட்டேனியம் ஊசிகளால் தைத்திருக்கும். அந்தத் தையல் ஆறி வீக்கம் வடியும் வரையில் கெட்டி ஆகாரம் கூடாது. ஆகவே ஓர் அட்டவணை கொடுத்தார்கள். (ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இது சிறிது மாறும்.) முதல் இரண்டு வாரம் திரவம், ஆரம்பத்தில் காரமில்லாத தெளிந்த ரசம், பிறகு மோர், பால், பருப்புத் தண்ணீர். அடுத்த இரண்டு வாரம் மசித்த பதார்த்தங்கள். ஐந்தாம், ஆறாம் வாரங்களில் இட்லி, பன்னீர் போல மெத்தென்றவை. ஏழாவது வாரத்தில்தான் எல்லோரையும் போலச் சாதம், கறி, கூட்டு.

அந்த வாரத்தை எண்ணி நான் ஏங்கியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, பயந்தேன். ஒரு கவளம் உள்ளே போய் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? தவிர, எனக்குப் பசியே இல்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அது பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல் பாகத்தில். எனக்கோ அந்தப் பாகமே போய்விட்டது! ஆனால் ஆசை போகவில்லை. பக்கத்து வீட்டில் வெங்காய சாம்பார் கொதித்தால் மனம் எழுந்து ஓடும். வயிறு, 'நான் வரவில்லை' என்று உட்கார்ந்துவிடும்.

டயட்டீஷியன் அம்மாள் சில விதிகள் சொன்னாள். முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் சாதம். நம் இலையில் நடுநாயகமாக வீற்றிருக்கும் சாதம் கடைசி வரிசைக்குப் போயிற்று! நாளொன்றுக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்றிலேயே சுமார் 6 கிராம் கிடைத்துவிடும். எங்கள் வீட்டில் பருப்பும் தயிரும் பன்னீரும் புரதப் பொடியும்தான். ஒவ்வொரு வாயையும் 20, 30 தடவை மென்று கூழாக்க வேண்டும். சாப்பாட்டின் நடுவே தண்ணீர் கூடாது. முடித்து அரை மணி கழித்து, வாய் வாயாக. நெஞ்சில் பாரம், திடீர் விக்கல், மூக்கில் நீர் இவற்றில் ஏதாவது வந்தால் 'போதும்' என்று வயிறு சொல்கிறது. அதற்குப் பிறகு அரை வாய் கூடாது.

இதெல்லாம் நான் கற்றுக்கொண்டுவிட்டேன். என் மாமியார் கற்றுக்கொள்வதுதான் கஷ்டமாயிருந்தது. 76 வயது; அன்பைக் கரண்டியால் அளந்தே பழகிய கை. ஏழாவது வாரம் முதல் நாள் இலை போட்டு, பருப்பும் பீர்க்கங்காய்க் கூட்டும் சாதமும் பரிமாறினார். பருப்பிலும் கூட்டிலுமாக நாலு ஸ்பூன், நெல்லிக்காயளவு சாதம், அவ்வளவுதான், விக்கல் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"இன்னும் ஒரே ஒரு கரண்டி, எனக்காக" என்றார்.

"போதும், அம்மா."

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. இரவு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏண்டி, இனிமேல் என் கையால் நீ வயிறாரச் சாப்பிடவே போவதில்லையா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டையை அடைத்தது. "உங்களோடு தெற்கு மாட வீதியில் முழங்கால் வலியில்லாமல் நடந்து வரவேண்டும், அம்மா. அதற்காகத்தான் இந்த நாலு ஸ்பூன்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் என் இடத்தில் இலைக்குப் பதில் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம் இருந்தது. விபூதி போட்டுத் துலக்கியதில் பளபளவென்று மின்னியது. என் கணவருக்கு முதல் சோறு ஊட்டிய கிண்ணமாம்! "இது நிறைந்தால் எனக்குத் திருப்தி. உனக்கும் போதும்" என்றார். அன்று முதல் அவர் என்னை இரண்டாம் கரண்டிக்கு வற்புறுத்தியதே இல்லை.

ஒரு வருஷம் ஆகிறது. இப்போது 78 கிலோ. சர்க்கரை மாத்திரையை டாக்டர் குறைத்திருக்கிறார். மூன்றாவது மாதத்தில் கொத்துக் கொத்தாய் உதிர்ந்த தலைமுடி மறுபடி வளர்கிறது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி இவற்றை ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கும் தவறாமல் போக வேண்டும். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: வாந்தி விடாமல் வந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். பி1 சத்துக் குறைந்து நரம்பையே பாதிக்கும். உடனே டாக்டரிடம் போகவேண்டும்.

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், 'எத்தனை கிலோ இறங்கிற்று?' என்று விசாரிப்பதைச் சற்று ஒத்திப் போடுங்கள். சாப்பிடும்போது தண்ணீரை நீட்டி உபசரிக்காதீர்கள். அவர் மென்று முடிக்க அரை மணி ஆகும். மற்றவர்கள் கை கழுவி எழுந்துவிட, கிண்ணத்தின் முன் தனியாக உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, ஆபரேஷன் வலியைவிட அதுதான் பெரிது. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்க் கதை ஏதாவது பேசிக்கொண்டிருங்கள்.