கூரைமேல் ட்ரெயின் லைன்: தம்மாம் குறிப்புகள்

வெயில் ஏற ஏற ஏ.சி. ஒழுகும் என்று பலரும் நினைக்கிறார்கள். தம்மாமில் அப்படி இல்லை. வடமேற்கிலிருந்து ஷமால் காற்று அடிக்கும் நாளில் வெயில் 47, 48 டிகிரி போகும், தண்ணீர் வெளியேறும் ட்ரெயின் குழாயில் சொட்டு வருவதே அபூர்வம். காற்று திரும்பிக் கடல் பக்கமிருந்து வரட்டும். 36 டிகிரிதான் இருக்கும், ஆனால் ராத்திரி போன் அடிக்கும்: ஃபால்ஸ் சீலிங் ஊறித் தொங்குகிறது. அதனால் புகார் நோட்டில் வெப்பநிலையோடு காற்றின் திசையையும் எழுதச் சொல்கிறேன். அந்த ஒரு வரி பாதி நோயைச் சொல்லிவிடும்.

பக்கத்திலிருக்கும் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று பனிநிலை (டியூ பாயின்ட்) 35 டிகிரி பதிவானது. உலகில் அளந்தவற்றிலேயே ஆக உயர்ந்தது என்று இதைச் சொல்கிறார்கள். 35 டிகிரிச் சூட்டில் இருக்கும் பொருளும் அந்தக் காற்றில் வியர்க்கும். ஏ.சி. காயில் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் இருக்கிறது. அதன்மேல் என்ன கொட்டும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 டன் பேக்கேஜ் யூனிட், ஏறக்குறைய 17.5 கிலோவாட். அதில் கால்பங்கு காற்றின் ஈரத்தை இறக்கவே போகிறது என்று வைத்தால் மணிக்கு 6 லிட்டருக்கு மேல் தண்ணீர். ஈரமான நாளில் நிற்காமல் ஓடினால் 150 லிட்டர். இவ்வளவும் ஒரு முக்கால் இன்ச் குழாய் வழியாக வெளியே போயாக வேண்டும். கம்ப்ரஸருக்கு உத்தரவாதம் கேட்டு வாங்குகிறவர்கள் இந்தக் குழாய் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்பதில்லை.

வில்லிஸ் கேரியர் 1902இல் புரூக்ளின் அச்சகம் ஒன்றுக்காக வடிவமைத்த இயந்திரம் ஆட்களைக் குளிர்விக்க வந்ததல்ல. ஈரத்தில் தாள் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் போனதுதான் பிரச்சினை. காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிப்பதுதான் முதல் வேலையாக இருந்தது. ட்ரெயினில் வரும் நீரைக் கோளாறாகப் பார்க்கும் கட்டட ஓனர்களிடம் இதைச் சொல்வதுண்டு. நீர் வந்தால் இயந்திரம் வேலை செய்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்காததுதான் கோளாறு.

டிராப்.

இதை மட்டும் எல்லாரும் புரிந்துகொண்டால் பாதிக் கூரைகள் காயும். இந்த வகை யூனிட் பெரும்பாலானவற்றில் ப்ளோயர் காயிலுக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கிறது. ஆகவே ட்ரெயின் பான் இருக்கும் அறையில் எப்போதும் உறிஞ்சல். குழாயில் டிராப், அதாவது தண்ணீர் தேங்கி நின்று காற்றை அடைக்கும் U வளைவு, இல்லையென்றால் வெளிக்காற்று குழாய் வழியே உள்ளே ஏறும், தண்ணீர் இறங்க முடியாமல் பானிலேயே நிற்கும், கடைசியில் வழிந்து டக்ட்டுக்குள் இறங்கும். சோதிப்பது எளிது. யூனிட் ஓடும்போது குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தால் இழுக்கும். யூனிட்டை நிறுத்தினால், அதுவரை வராத தண்ணீர் மொத்தமும் கொட்டும். அப்படிக் கொட்டினால் அடைப்பைத் தேட வேண்டாம், டிராப்பைப் பாருங்கள்.

அளவும் முக்கியம். உறிஞ்சல் 25 மில்லிமீட்டர் நீர் அழுத்தம் என்றால், டிராப்பின் வெளிவாய் பான் வாயைவிட 50 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும், அதற்கும் கீழே 25 மில்லிமீட்டர் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டும். கண் மதிப்பில் இரண்டு எல்போ ஒட்டினால் போதாது.

ராமநாதபுரத்திலிருந்து வந்த தம்பி ஒருவன் போன வாரம் கூரையில் கேட்டான்:

“அண்ணே, டிராப் வெச்சா அடைச்சுக்கும்னு முன்னாடி இருந்த ஆளு அறுத்து எடுத்துட்டாரு போல?”

“ஆளக் கொற சொல்லாத தம்பி. பீடத்தப் பாரு. டிராப் எறங்க எடமே இல்ல.”

உண்மை அதுதான். கான்கிரீட் பீடத்தைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்தியிருந்தால் பிழைத்திருக்கும். வரைபடம் போடும்போதே முடிந்திருக்க வேண்டிய விஷயம், பத்து வருடம் கழித்து வெயிலில் குந்தியிருக்கும் பையன் தலையில் விழுகிறது. இதில் எனக்கு உள்ளபடியே கோபம் உண்டு.

புழுதிக்காற்று அடித்து இரண்டு மூன்று நாள் கழித்து ஒழுகல் புகார்கள் கூடும். காரணம் ஃபில்டர். ஃபில்டர் அடைத்தால் உறிஞ்சல் ஏறும். உறிஞ்சல் ஏறினால் சரியான அளவில் வைத்த டிராப்பும் தோற்கும். குழாயை அறுப்பதற்கு முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

குளிர்காலத்தில் யூனிட் ஓடாமல் டிராப் வறண்டுவிடும். ஏப்ரலில் திரும்ப ஓட ஆரம்பித்ததும் அது காற்றையும் மண்ணையும் உள்ளே இழுக்கும். முதல் ஈர நாளில் அந்த மண் சேறாகும். சீசன் தொடங்குமுன் டிராப்பில் தண்ணீர் ஊற்றி வைத்தால் தீர்ந்தது.

அடைப்பு எடுக்க: வெட் வாக்குவம் வைத்து வெளிமுனையிலிருந்து இழுப்பதுதான் நல்ல வழி. நைட்ரஜன் சிலிண்டரைத் திறந்து ஊதுகிறவர்கள் உண்டு. அந்த அழுத்தத்தில் சீலிங்குக்குள் போகும் லைனில் ஒரு ஜாயின்ட் கழன்றால் ஒரு மாதத்துக்குத் தெரியாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் வழுவழுப்பான பாசிப்படலமும் மண்ணும்தான், வெந்நீருக்கு இளகும். பிளீச் காயிலையும் பானையும் அரிக்கும். பிளீச் ஊற்றிய குழாயில் ஆசிட் ஊற்றவே கூடாது. குளோரின் வாயு வரும்.

பிவிசி பற்றி. கறுப்பு மெம்பிரேன் கூரை மதியத்தில் 70 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் குழாய் இளகித் தொய்யும். தொய்ந்த வயிற்றில் தண்ணீர் நிற்கும், நின்ற இடத்தில் சேறு சேரும். மீட்டருக்கு ஒரு தாங்கலாவது வேண்டும். ரப்பர் கட்டைமேல் வைத்தால் மெம்பிரேனில் ஆணி அடிக்க வேண்டியதில்லை. சாய்வு நூறுக்கு ஒன்று. 10 மீட்டர் குழாய் 40 டிகிரி சூடேறினால் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் நீளும். ஆகவே கிளாம்ப்பை இறுக்கிக் கட்டாமல் குழாய் நகர விடுங்கள், ஒரு திருப்பமாவது வையுங்கள். வெயிலின் புற ஊதாக்கதிர் பட்டு வெளிறிய குழாய் கை பட்டாலே நொறுங்கும். புதுக் குழாய்க்கு வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் அடிப்பது சின்னச் செலவு.

சால்வென்ட் ஒட்டுவது விடியற்காலையில், ஃபஜ்ர் பாங்குக்குப் பிறகு வெயில் ஏறுமுன். சுட்ட குழாயில் தடவினால் செருகுவதற்குள் காய்ந்துவிடும். பிடித்தது போலத் தோன்றும், பிடித்திருக்காது.

சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை கூடாது என்பது சட்டம். நல்ல சட்டம். ஆனால் நாலு மணிக்கும் கூரை ஆறியிருக்காது, ஈரக்காற்றில் வியர்வையும் உலராது. அவசரம் என்று சொல்லும் ஓனருக்கு ஒரு வாளியும், மறுநாள் காலை ஐந்து மணியும் கொடுப்பதுதான் என் வழக்கம். இரவில் வாளியை மாற்ற ஹாரிஸிடம் (கட்டடக் காவலாளியிடம்) சொல்லிவிட்டு வருவேன். ஆளை ஏற்ற மாட்டேன்.

ட்ரெயினில் வரும் தண்ணீரில் உப்பு இல்லை. கடலைக் குடிநீராக்கி வாழும் ஊரில் அதைக் கூரையிலேயே தேங்கவிட்டு மெம்பிரேனைக் கெடுப்பது மனசுக்குப் பொறுக்கவில்லை. செடிக்கு விடலாம், தரை கழுவலாம். காயிலின் உலோகமும் கிருமியும் கலந்திருக்கும் என்பதால் குடிக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் ஒரு வாளி தண்ணீரைப் பானில் ஊற்றி, கதவை மூடி, யூனிட் ஓடும்போது வெளிமுனையில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நிறுத்தி வைத்து ஊற்றிப் பார்க்கும் சோதனை டிராப்பின் கோளாறைக் காட்டாது. பிறகு டிராப்புக்குப் பக்கத்தில், மூடி போட்ட டீ (T) இணைப்பின்மேல், மார்க்கரில் தேதி.