ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு கடல்

செவ்வாய், இரவு

விசாகப்பட்டினம் போவதில்லை என்று முடிவாகிவிட்டது. யாரும் முடிவு செய்யவில்லை, கணக்குப் போட்டதும் அதுவே முடிந்துபோயிற்று. அங்கே கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1969-இல் கடற்படையில் சேர்ந்து 2001-இல் ஓய்வு பெற்ற கப்பல். 2002 முதல் டிக்கெட் வாங்கினால் யாரும் அதன் வயிற்றுக்குள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து போகலாம். வழி கேட்கவே வேண்டாம். சோழவரத்தில் எங்கள் தெரு போய் முட்டுகிற கல்கத்தா ரோட்டிலேயே வடக்கே போய்க்கொண்டிருந்தால் ஊர் வந்துவிடும். என்ன, 750 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஐந்து பேருக்கு ரயில், லாட்ஜ், சாப்பாடு என்று சிட்டையில் எழுதிக்கொண்டே வந்த என் வீட்டுக்காரர் பாதியில் பேனாவை மூடிவிட்டார்.

தரங்கம்பாடி என்றேன். டேனிஷ்காரர்கள் 1620-இல் எழுப்பத் தொடங்கிய கோட்டை, உள்ளேயே அருங்காட்சியகம். பக்கத்தில் பூம்புகார், கடலடியில் தேடி எடுத்தவற்றை வைத்திருக்கும் இடம். இரண்டும் ஆசையைக் கிளப்புகிற ஊர்கள்தான், ஆனால் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். மாமல்லபுரம் என்றால் சென்னையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தாண்டியாக வேண்டும். அத்தையின் முழங்காலுக்கு அது ஆகாது.

பள்ளி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. பெரியவன் கப்பல் மியூசியத்தை விடுவதாக இல்லை. சின்னவளுக்கு எங்கேயாவது பஸ்ஸில் போனால் போதும். அரிசிப் பானைக்கு அடியில் ஒரு ஐந்நூறு இருக்கிறது. அதற்குள் எவ்வளவு கடல் கிடைக்குமோ அவ்வளவு.

வியாழன்

மத்தியானம் தையல் மெஷினை ஓரங்கட்டிவிட்டு, நூலகத்திலிருந்து எடுத்துவந்த பழைய மதராஸ் பற்றிய புத்தகத்தைப் புரட்டினேன். சென்னைக் கடலைத் தேடி ஒரே கட்டடத்துக்குப் போக வேண்டியதில்லை என்று தோன்றியது. துண்டு துண்டாகப் பல இடங்களில் கிடக்கிறது, கோக்கிற நூல்தான் வேண்டும். அதையும் அந்தப் புத்தகமே கொடுத்தது: கலங்கரை விளக்கம்.

இந்த ஊரில் விளக்கு நான்கு இடங்களில் எரிந்திருக்கிறது. முதலாவது 1796-இல், கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல், தேங்காய் எண்ணெய் ஊற்றி ஏற்றியது. அந்தக் கட்டடம்தான் இப்போது கோட்டை அருங்காட்சியகம். இரண்டாவது, உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கருங்கல் தூண், 1844 முதல். மூன்றாவது 1894-இல், அதே வளாகத்தில் அப்போதுதான் கட்டி முடித்திருந்த நீதிமன்றத்தின் உயரமான கோபுரத்து உச்சியில். நான்காவது 1977-இல், மெரினாவில். நாலையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். மொத்தத் தூரமும் ரெட்டில்ஸிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற தூரத்தைப்போலத்தான்.

கோட்டை மியூசியத்துக்கு வெள்ளி விடுமுறை, கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள் விடுமுறை. இவருக்கு வார ஓய்வு ஞாயிறு. பொருத்தம் பார்த்தது மாதிரி அமைந்துவிட்டது.

ஞாயிறு, இரவு

கால் வலி. இருந்தாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், தண்ணீர் பாட்டில்கள். ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். ரெட்டில்ஸில் சாதாரணக் கட்டண பஸ் வரட்டும் என்று இரண்டு டீலக்ஸை விட்டோம். அத்தை, நான், சின்னவள் மூவருக்கும் கட்டணமில்லா டிக்கெட். காசு கொடுத்தது இவரும் பெரியவனும் மட்டும். "ஆம்பளைங்களை வீட்டுலயே வுட்டுட்டு வந்திருந்தா செலவே இல்ல" என்று அத்தை கண்டக்டருக்கே கேட்கும்படி சொன்னார்.

பாரிமுனையில் இறங்கியதால் வரிசை மாறிப்போயிற்று. முதல் விளக்குக்கு முன்னால் இரண்டாவதும் மூன்றாவதும் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றத்துக்குள் போக முடியாது. வெளியே நின்று அண்ணாந்து பார்த்தோம். கோபுரம் சிவப்பும் வளைவுமாக, மேலே விளக்கு இருந்த கூண்டு. தூண் அதற்குக் கீழே, தன் காலம் முடிந்தது தெரிந்தும் இடத்தைக் காலி செய்யாமல் நிற்கிறது. ராஜாஜி சாலைப் பக்கம் மதிலோரமாக நடந்தால் ஒரு கல்வெட்டு வருகிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பல் எம்டன் சுட்ட குண்டுகளில் ஒன்று விழுந்த இடம். அன்று துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, பயந்துபோய்ப் பலர் ஊரைவிட்டே போனார்கள் என்று படித்ததைச் சொன்னேன். பெரியவன் கல்வெட்டைப் பார்க்கவே இல்லை. எதிர்ப்பக்கம் திரும்பி, "கடல் எங்கம்மா?" என்றான்.

நியாயமான கேள்வி. எதிரில் சாலை, அப்புறம் ரயில் பாதை, அப்புறம் துறைமுக மதில். கோட்டை கட்டிய காலத்தில் அலை ஏறக்குறைய அதன் சுவரடிவரை வந்துகொண்டிருந்தது. இன்று கோட்டை வாசலில் நின்று கடலைப் பார்க்க முடியாது.

கோட்டை வாசலில் பையைத் திறந்து காட்டினோம். புளிசாத டப்பாவை முகர்ந்துபார்த்த காவலர் சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். கொடிமரம் முதலில் கண்ணில் படுகிறது. இப்போது இருப்பது இரும்பு. அதற்கு முன் இருந்தது தேக்கு. 1680-களில் ஏல் கவர்னராக இருந்தபோது, உடைந்துபோன ஒரு கப்பலின் பாய்மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்லிவருகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பேர் கொடுத்த அதே ஏல்தான். சுதந்திரம் வந்த பிறகும் கப்பலின் கட்டை ஒன்று கோட்டையின் கொடியைத் தாங்கியிருக்கிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது.

மியூசியம் டிக்கெட் எங்கள் டீச்செலவைவிடக் குறைவு, பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. கட்டடம் 1795-இல் முடிந்தது. வியாபாரிகள் மாடியில் கூடிக் கப்பல் சரக்கைப் பற்றிப் பேசிய இடம். எந்தக் கப்பல் வருகிறது என்று பார்க்க ஜன்னலுக்குப் போனாலே போதுமாயிருந்த காலம். மேலே விளக்கு, கீழே வியாபாரம். 1948 ஜனவரியில் மியூசியம் ஆயிற்று.

உள்ளே வாள், துப்பாக்கி, நாணயம், பீங்கான், காரன்வாலிஸின் பெரிய பளிங்குச் சிலை. சின்னவள் அந்தச் சிலையைச் சுற்றியே நாலு தரம் ஓடினாள். மாடியில் ராஜா ராணிகளும் கவர்னர்களும் ஆளுயரத்துக்குச் சட்டத்துக்குள் நிற்கிறார்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியும் இங்கேதான் இருக்கிறது. அதன் முன்னால் மட்டும் கூட்டம் தானாகவே மெதுவாக நகர்ந்தது.

நான் தேடிப் போனது படகை. மதராஸுக்குத் துறைமுகமே இல்லாத இருநூறு வருஷத்துக்கு மேல் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றன. ஆளும் சரக்கும் கரைக்கு வந்தது மசூலா படகில். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு. அலை மோதும்போது ஆணி அடித்த படகு விறைத்து உடையும், தைத்தது நெளிந்து கொடுக்கும். கரைக்குச் சற்று முன்னால் துரைகளையும் துரைசானிகளையும் படகுக்காரர்கள் தோளில் சுமந்து இறக்கினார்கள். சுமக்கப்பட்டவர்களுக்கு மாடியில் ஆளுயரப் படம். சுமந்தவர்கள், பழைய அச்சுப் படங்களில் கடற்கரை வரும் இடத்தில், விரல் நகம் அளவுக்கு இருக்கிறார்கள். இவர்களுக்கு ஒரு கூடம் கட்டினால் நான் இன்னொரு ஐந்நூறு சேர்த்துவைத்துக்கொண்டு வருவேன்.

அத்தையிடம் இதைச் சொன்னேன். அத்தை பிறந்தது பழவேற்காடு. "தைச்ச படவுதானே? கரைவலை இழுக்கறதுக்கு எங்க ஊராண்ட வச்சிருந்தாங்க. வருசத்துக்கு ஒரு தபா கயிறெல்லாம் பிரிச்சுட்டு மறுபடி தைப்பாங்க. நடுவுல வைக்கோலு வச்சுத் தைக்கணும், இல்லன்னா தண்ணி வரும்." மியூசியத்தில் இருந்த நேரம் முழுக்க அவர் பேசியதில் இதுதான் நீளம். பெரியவன் நோட்டில் எழுதிக்கொண்டான். கண்ணாடிப் பெட்டியில் இல்லாத ஒன்று ஆயாவிடம் கிடைத்ததில் அவனுக்கு ஆச்சரியம்.

கோட்டை ஸ்டேஷனிலிருந்து பறக்கும் ரயில். கலங்கரை விளக்கம் என்றே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, பெரியவருக்கு ஐந்து ரூபாய். ரயில் உயரத்தில் போகும்போது சின்னவளுக்கு இதுவே மியூசியமாகிவிட்டது. இறங்கிய பிறகுதான் மே மாத வெயில் யார் என்று காட்டியது. கலங்கரை விளக்கத்தை மத்தியானம் மூடி மூன்று மணிக்கு மறுபடி திறப்பார்கள். அதுவரை ஒரு மரத்தடி கிடைத்தது. புளிசாதம் காலியாயிற்று. அத்தை முந்தானையை விரித்துக் குட்டித் தூக்கம் போட்டார்.

சிவப்பும் வெள்ளையுமாக முக்கோண வடிவில் நிற்கிற கட்டடம். 1991-இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு பொதுமக்களுக்கு மூடிவிட்டு, 2013-இல்தான் திறந்தார்கள். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஏற முடியாத இடம். லிஃப்ட் இருக்கிறது, அத்தைக்கு அதுவே பாதிப் பெருமை.

மேலே காற்று ஆளைத் தள்ளுகிறது. தெற்கே நொச்சிக்குப்பத்துப் படகுகள், சாந்தோம் கோபுரம். வடக்கே மணல், மணல், அதற்கு அப்பால் துறைமுகத்துக் கிரேன்கள். கடலுக்குள் ஏழெட்டுக் கப்பல் அசையாமல் நிற்கின்றன.

இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார். கண்டெய்னர் யார்டில் டாலி கிளார்க் வேலை. பெட்டி எண்ணைச் சரிபார்த்து, சீலைப் பார்த்து, நசுங்கல் இருந்தால் குறித்து உள்ளே விட வேண்டும். காட்டுப்பள்ளியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் டிரெய்லரில் வருகிற பெட்டிகளோடு இத்தனை வருஷம் பழகியவர், அவை இறங்கிய கப்பலைக் கண்ணால் பார்த்ததில்லை. துறைமுகத்துக்குள் போக பாஸ் வேண்டும், அவர் வேலை கேட்டுக்கு வெளியேதான். "ஏம்பா நிக்குது?" என்றான் மகன். "உள்ளே இடம் கிடைக்கணும். எங்க யார்டு கேட்டுல லாரி வரிசை நிக்குதில்ல, அந்த மாதிரி" என்றார். இந்தியாவின் முதல் கண்டெய்னர் முனையம் அந்தக் கிரேன்கள் தெரிகிற துறைமுகத்தில்தான் 1983-இல் வந்தது என்று நான் சொன்னதும், "அப்போ எனக்கு அஞ்சு வயசு" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்த மணலைப் பற்றி எழுத வேண்டும். 1876-இல் கடலுக்குள் கல்சுவர் போட்டுத் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அதைச் சிதறடித்தது, மறுபடி கட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். குறுக்கே சுவர் வந்ததும் மணல் அதன் தெற்குப் பக்கம் ஒதுங்கிக் குவிந்தது. மெரினா இவ்வளவு அகலமானது அதனால்தான். கோட்டையிலிருந்து கடல் விலகிப்போனதும் அதே கதையில் சேரும். சுவருக்கு வடக்கே மணல் வரவில்லை, கடல் கரையைத் தின்றது. ராயபுரம், திருவொற்றியூர் நெடுகக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

அத்தையின் தங்கை வாழ்க்கைப்பட்டது திருவொற்றியூர்க் குப்பத்தில். அந்த வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இப்போது கல் மட்டும்தான். அத்தை கீழே பார்த்தார். கிரிக்கெட் ஆடுகிறார்கள், குதிரை ஓடுகிறது, சுண்டல் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. "அப்போ அங்க போன மணலெல்லாம் இங்கதான் வந்து கெடக்குதா?"

"அங்கேருந்து வரலை அத்தை. அங்க போகவேண்டியது போகாம இங்கேயே நின்னுடுச்சு."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

திங்கள்

செலவு: பஸ், ரயில், இரண்டு நுழைவுச் சீட்டு, டீ, சுண்டல், சின்னவள் அழுது வாங்கிய காற்றாடி, ரெட்டில்ஸிலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ. எல்லாம் போக அறுபத்திச் சொச்சம் மீதி. காற்றாடி பஸ்ஸிலேயே உடைந்துவிட்டது. அத்தையின் முழங்காலுக்குத் தைலம் வாங்கினால் மீதியும் போய்விடும், அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று இவர் சொல்கிறார். சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

புதன்

மகன் இரண்டு நாளாகக் கல்கத்தா ரோட்டு ஓரத்தில் நோட்டோடு நிற்கிறான். கண்டெய்னர் எண்களை எழுதுகிறான். இவர்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்: முதல் மூன்று எழுத்து சொந்தக்காரர், நாலாவது பெரும்பாலும் 'யூ', பிறகு ஆறு இலக்கம் பெட்டியின் எண், கடைசியில் தனிக் கட்டத்துக்குள் ஓர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் சும்மா வருவதில்லை. எழுத்துக்கெல்லாம் ஒரு மதிப்பு கொடுத்து, ஒவ்வோர் இடத்தையும் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகிற எண்ணால் பெருக்கி, கூட்டி, பதினொன்றால் வகுத்தால் மிஞ்சுவது அதுதான். பத்து மிஞ்சினால் பூஜ்யம். எண்ணை யாராவது தப்பாக எழுதினால் உலகத்தில் எந்தத் துறைமுகத்திலும் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். முதல் இரண்டும் சரியாக வந்தன. மூன்றாவது வரவில்லை. "நீ எட்டை மூணுன்னு எழுதியிருப்பே" என்றார் இவர். "இல்லப்பா, லாரி சிக்னல்ல நின்னுச்சு, நல்லாப் பார்த்துத்தான் எழுதினேன்." எட்டைப் போட்டு மறுபடி பெருக்கினார்கள். அப்போதும் வரவில்லை. பதினொரு மணி ஆகிறது, விளக்கை அணைக்கச் சொல்லி அத்தை உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருக்கிறார்.