கண்ணாடிக் கண் மீனைத் தேடி...

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துக் கார்களின் நம்பர் பலகையிலேயே ‘10,000 ஏரிகள்’ என்று பொறித்திருக்கிறார்கள். மகள் வீட்டுக்குப் போயிருந்த மூன்று மாதத்தில் நான் பார்த்தது நாலைந்து ஏரிதான். அதில் மில் லாக்ஸ் ஏரியை மட்டும் மறக்கவே முடியாது. மினியாபொலிஸ் நகரிலிருந்து வடக்கே சுமார் 100 மைல். பரப்பு 500 சதுர கிலோமீட்டருக்கும் மேலே. அக்கரை கண்ணுக்குத் தெரியவில்லை. கடல்தான், உப்பு வாசனை ஒன்றுதான் குறைச்சல்! இவ்வளவு பெரிய ஏரிக்கு ஆழம் அதிகபட்சம் 42 அடிதானாம். அதனால் கொஞ்சம் காற்றடித்தாலும் அலை எழும்பிவிடுகிறது.

மகளுக்கு அப்போது ஐந்தாவது மாதம். “அம்மா, புளி கரைத்து ஊற்றி உன் கையால ஒரு மீன் குழம்பு வையேன்” என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். கடையில் கிடைத்ததெல்லாம் உறைய வைத்த துண்டு மீன். கடற்கரை ஊரில் பிறந்த பெண்ணுக்கு அது தொண்டையில் இறங்குமா? பக்கத்து வீட்டு அம்மாள் ஓய்வுபெற்ற நர்ஸ். சொந்தமாகப் படகு வைத்திருப்பவர். “அக்டோபர்தான் வால்-ஐ மீனுக்கு நல்ல காலம், வாருங்கள்” என்று என்னையும் மாப்பிள்ளையையும் அழைத்துப் போனார். வெளியூர்க்காரியான எனக்கு ஒரு நாள் உரிமச்சீட்டும் வாங்கினோம். அது இல்லாமல் அங்கே தூண்டிலைத் தொட முடியாது.

வால்-ஐ, 1965 முதல் அந்த மாநிலத்தின் மீன். கண்ணுக்குள்ளே ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. விளக்கு வெளிச்சம் பட்டால் நம் கொடுவா மீனின் கண் போலவே பளபளக்கும். மங்கலான வெளிச்சத்தில் மற்ற மீன்களைவிட இதற்கு நன்றாகப் பார்வை தெரியும். அதனால்தான் அந்தி நேரத்து வேட்டை. இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிரக் குளிர, பனிக்காலத்துக்கு முன் வயிறு முட்டத் தின்று வைத்துக்கொள்ளும். பெண் மீனின் வயிற்றில் சினை வளரத் தொடங்குவதும் அப்போதுதான். ஏப்ரலில் பனிக்கட்டி உருகிய பிறகுதான் முட்டையிடும்.

ஐந்து மணிக்குப் படகில் ஏறினோம். கரையெல்லாம் மேப்பிள் மரங்கள் குங்குமத்தைக் கொட்டினாற்போல. நடுநடுவே பிர்ச் மரங்கள் மஞ்சள் பூசிக்கொண்டு நின்றன. நல்ல குளிர். இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் மிதவைச் சட்டை என்று நான் ஒரு தலையணை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

படகை நடைவேகத்தைவிடக் குறைவாக ஓட்டிக்கொண்டே, நூறு அடிக்கு மேல் நரம்பை விட்டு, மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த பொய் மீனைப் பின்னால் இழுத்துப் போகிறார்கள். ‘ட்ரோலிங்’ என்று பெயர். பொய் மீனின் மூக்கில் ஒரு தகடு இருக்கிறது. அதுதான் அதை ஆழத்துக்கு இறக்கி, உயிருள்ள மீன்போல நெளிய வைக்கிறது. அந்த நெளிவு தூண்டில் கழியின் நுனி வரை வந்து துடிக்கும். “துடிப்பு நின்றால் பாசி சிக்கியிருக்கிறது, சுருட்டிப் பாருங்கள்” என்றார் அம்மாள். இதிலே கையைவிடக் கண்ணுக்குத்தான் வேலை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கிற மாதிரி!

சூரியன் இறங்கிய பத்தாவது நிமிஷம் என் கழி வில்லாக வளைந்தது. “அத்தை, விடாதீங்க!” என்று மாப்பிள்ளை கத்த, நான் சுருட்ட, அம்மாள் வலையில் ஏந்தினார். பொன் நிறம், வாலின் கீழ் நுனியில் வெள்ளைப் பொட்டு, கண் இரண்டும் கண்ணாடிக் கோலி. 26 அங்குலம்! குழம்புக்கு வெங்காயம் உரிக்கவே என் மனசு போய்விட்டது.

அம்மாள் கையை நனைத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கிப் பிடித்து, மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டார். “பத்து வயசுக்கு மேலே இருக்கும், தாய் மீன். அது மட்டுமில்லை, உங்கள் பெண்ணுக்கு இது ஆகாது” என்றார்.

நிலக்கரி எரிக்கிற புகையிலிருந்து பாதரசம் மழையோடு ஏரியில் இறங்குகிறது. தண்ணீரிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நஞ்சாக மாற்ற, சின்ன மீன் அதைத் தின்ன, அதைப் பெரிய மீன் தின்ன, வயது ஏற ஏறச் சேர்ந்துகொண்டே போகும். அது சதையிலேயே இருப்பதால் தோலை உரித்தாலும், கொதிக்க வைத்தாலும் போகாது. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைத்தான் அது பாதிக்கும். அதற்காக மீனை அடியோடு விடவும் கூடாதாம்; குழந்தையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பு மீனில்தான் நிறைய. கர்ப்பிணிகள் சின்ன வால்-ஐ என்றால் மாதம் ஒரு வேளை, பெரியது வேண்டாம் என்று மாநிலச் சுகாதாரத் துறை சொல்கிறது.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது சுறாப்புட்டு. பால் ஊறும் என்று பிள்ளை பெற்றவளுக்கு நாம் ஆசையாகச் செய்து கொடுக்கிறோம். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் தவிர்க்க வேண்டிய மீன்களின் அமெரிக்கப் பட்டியலில் சுறாவும் இருக்கிறதாம்! மத்தியும் நெத்திலியும் தாராளமாகச் சாப்பிடலாமாம். விலையும் குறைவு!

திரும்பும்போது மாப்பிள்ளை இன்னொரு சங்கதி சொன்னார். இந்த ஏரிக்கரை ஓஜிப்வே மக்களின் பூமி. வால்-ஐயை அவர்கள் ‘ஓகா’ என்கிறார்கள். 1837 ஒப்பந்தத்தில் நிலத்தைக் கொடுத்தாலும், மீன் பிடிக்கும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1999-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. வருஷத்துக்கு எவ்வளவு மீன் எடுக்கலாம் என்பதை இப்போது அவர்களும் மாநில அரசும் கலந்து முடிவு செய்கிறார்கள்.

இருட்டுவதற்குள் 18 அங்குல மீன் ஒன்று அகப்பட்டது. அம்மாள் அளவுகோலில் வைத்துப் பார்த்து, சட்டத்துக்குச் சரிதான் என்று தலையாட்டினார். முள் குறைவான வெள்ளைச் சதை, சீக்கிரம் உடைந்துவிடும். அதனால் குழம்பு நன்றாகக் கொதித்து எண்ணெய் மிதந்த பிறகு துண்டுகளைப் போட்டு, ஐந்தே நிமிஷத்தில் இறக்கினேன்.

மகள் கண்ணில் நீர் வரச் சாப்பிட்டாள். இன்னொரு துண்டுக்குக் கையை நீட்டியபோது சட்டியை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தி வைத்தேன். “அம்மா!” என்று முறைத்தாள். “அடுத்த மாசம்டி” என்று சமையலறைக் காலண்டரில் தேதியைச் சுழித்து வைத்தேன்.